தாய்மாரைக் காத்த மருத்துவர் செமல்வைஸ்

உயிரைக் காக்கவென்று நீட்டப்படும் கையே உயிரைப் போக்கும் கருவியாகவும் அமையக்கூடும் என்பது கேட்போரைத் திடுக்கிடச் செய்யும் உண்மையாகும். கிருமிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் தெளியுமுன்னரே அவ்வுண்மையைக் கண்டு, எண்களால் நிறுவி, அதன்பொருட்டுத் தம் வாழ்வின் அமைதியையே இழந்த பெரியார் ஒருவர் உளர். அவரே ஹங்கேரி நாட்டு மருத்துவர் இக்னாஸ் செமல்வைஸ். நம் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று மருத்துவத்துறையையும் தாதிமைத்துறையையும் நாடும் மாணவர்க்கு அவர் வரலாறு பெரிதும் பயன்படுமெனக் கருதி, அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

செமல்வைஸ் 1818ஆம் ஆண்டு யூலை மாதம் 1ஆம் திகதி பூடா நகரிலே மளிகை வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1837இல் சட்டம் பயில வியன்னா சென்ற அவர், விரைவில் அதனைக் கைவிட்டு மருத்துவம் பயின்று, 1844இல் பட்டம் பெற்றார். 1846 யூலையில், வியன்னாப் பெருவைத்தியசாலையின் முதலாம் மகப்பேற்று விடுதியிற் பேராசிரியர் கிளைனின் கீழ் உதவியாளராக அமர்ந்தார்.

அவ்வைத்தியசாலையில் மகப்பேற்று விடுதிகள் இரண்டு இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவரும், இரண்டாவதில் மருத்துவிச்சிகளும் பயிற்சி பெற்றனர். ஒருநாள் வரும் கருப்பவதிகள் ஒரு விடுதியிலும், மறுநாள் வருவோர் மற்றையதிலும் சேர்க்கப்படுவது வழக்கம். 1846இல் முதலாம் விடுதியிற் பிள்ளை பெற்ற 4,010 பேருள் 459 பேர் மாண்டனர். இரண்டாம் விடுதியில் 3,754 பேருள் மாண்டோர் 105 பேரே. இச்சாவுகளுக்குப் பெருங்காரணமாய் இருந்தது பிரசவச் சுரம் என்னும் கொடிய நோய். முதலாம் விடுதியின் பெயரைக் கேட்ட மாத்திரத்தே பெண்கள் நடுங்கினர். தம்மை மற்றையதிற் சேர்க்குமாறு கைகூப்பி மன்றாடினர். வழியிலே, தெருவிலே பிள்ளை பெற்று வந்தோர்கூட இச்சுரத்துக்கு அத்துணை இரையாகவில்லை.

காற்றிற் பரவும் நச்சுத்தன்மையே காரணமென்றனர் அக்கால அறிஞர். இரு விடுதிகளும் ஒரே காற்றைப் பெறுதலின் அக்கூற்றுப் பொருந்தாதெனச் செமல்வைஸ் கண்டார். நெருக்கம் காரணமோவெனின், இரண்டாம் விடுதியிலேயே நெருக்கம் மிகுதி. மரணத் தறுவாயில் உள்ளோரிடம் மணியொலியுடன் செல்லும் குருவானவரைக் கண்டு எழும் அச்சம் காரணமோவென ஐயுற்று, அவர் செல்லும் வழியையும் மாற்றுவித்தார். பெண்களைக் கிடத்தும் முறையையும் மாற்றிப் பார்த்தார். எதனாலும் சாவு குறைந்திலது. இவ்வாறு ஒவ்வொன்றாய் ஆராய்ந்து விலக்கிய முறையே அவரை உண்மைக்கு அணித்தாகக் கொண்டு சென்றது.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெற்ச்கா காலமானார். பிரேத பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி அவர் விரலிற் பட்டமையே அவர் சாவுக்கு ஏதுவாயிற்று. அவரது உடலைச் சோதித்து எழுதிய குறிப்புகளைக் கண்ணுற்ற செமல்வைஸ், பிரசவச் சுரத்தால் மாண்ட பெண்களின் உடலிற் காணப்பட்ட குறிகளே நண்பரின் உடலிலும் இருக்கக் கண்டார். இருள் விலகிற்று. மருத்துவரும் மாணவரும் காலையிற் பிரேதங்களை அறுத்துச் சோதித்துவிட்டு, அக்கைகளுடனேயே பிரசவ வேதனையில் உள்ள பெண்களைப் பரிசோதித்தனர். மருத்துவிச்சிகளுக்கோ பிரேத அறையில் வேலையில்லை. நாள்தோறும் பிரேதங்களை ஊக்கத்துடன் ஆராய்ந்த தம் கைகளும் பலர் சாவுக்கு ஏதுவாயின என்பதை அவர் மறைத்தாரல்லர்.

சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னும் கையிற் பிணநாற்றம் எஞ்சி நிற்றலைக் கண்டு, அதனைப் போக்கும் குளோரீன் கரைசலை 1847 மே மாத நடுவில் வைத்து, அதிற் கைகழுவாமல் எவரும் விடுதியினுட் புகலாகாதெனக் கட்டளையிட்டார். விலை குறைவென்பதாற் பின்னர் வெளிற்றுந்தூளைக் கரைத்துப் பயன்படுத்தினார். நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேலாக ஏப்பிரலில் இருந்த சாவு, யூன் மாதத்தில் இரண்டளவாய் வீழ்ந்தது. 1848இல் அவ்விடுதியில் 3,556 பேர் பிள்ளை பெற, மாண்டோர் 45 பேர் மாத்திரமே.

நாற்றத்தைப் போக்கவென அவர் தெரிந்தெடுத்த பொருள் கிருமிகளையும் அழித்தது. வெளிற்றுந்தூள் நீரிற் கரையும்போது தோன்றும் ஐப்போகுளோரசு அமிலம் கிருமியின் உடலுட் புகுந்து, அதன் புரதங்களையும் நொதியங்களையும் ஒட்சியேற்றிச் சிதைக்கின்றது. நொதியங்கள் தொழிற்படாவிடிற் கிருமி உயிர்வாழ்தல் இயலாது. இவ்விரசாயனம் அவர் அறியாதது. எனினும் விளைவை அவர் கண்ணாரக் கண்டார்.

1847 ஒக்டோபரிற் பிறிதொரு பாடம் கிடைத்தது. கருப்பையிற் புற்றுநோய் கொண்ட ஒருத்தியை முதலிற் பரிசோதித்தபின், கரைசலிற் கழுவாமல் அதே வரிசையிலிருந்த ஏனையோரையும் மருத்துவர் பரிசோதிக்க, பிள்ளை பெற்ற 12 பேருள் 11 பேர் இறந்தனர். பிரேதம் மாத்திரமன்றி, உயிரோடிருப்போரின் அழுகிய புண்ணும் நஞ்சூட்டும் என்பது தெளிவாகவே, ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பின்னும் கைகழுவுதல் வேண்டுமென அவர் விதித்தார்.

இத்துணைப் பெரும் உண்மையை உலகம் வரவேற்றதா? இல்லை. எபிரா, ஸ்கோடா முதலிய பேரறிஞர் சிலர் துணைநின்றனர். ஆயின், தம் கைகளே கொலைக் கருவிகள் எனக் கேட்கப் பலர் மனம் ஒருப்படவில்லை. 1849இல் அவரது பதவி நீடிக்கப்படவில்லை. செமல்வைஸிடத்தும் குறையுண்டு. தம் கண்டுபிடிப்பை உரியகாலத்தில் நூலாக எழுதி வெளியிட்டாரல்லர். நண்பர்களே அவருக்காக எழுதினர். 1850இல் அவர்களிடமும் விடைபெறாது வியன்னாவை நீங்கினார். பெஸ்ற் நகரில் புனித ரோகுஸ் வைத்தியசாலையில் 1851 முதல் 1857 வரை 933 பேருள் 8 பேரே மாளுமாறு காத்தார். அவரது நூல் வெளிவந்தபோது 13 ஆண்டுகள் கடந்துவிட்டன. அதனையும் பலர் ஏற்காமையாற் சினம் மேலிட்டு, எதிர்த்தோரைக் கொலைஞரெனப் பகிரங்கக் கடிதங்களிற் சாடினார். உண்மையைக் காண்டல் ஒருபாதி. பிறர் ஏற்குமாறு அதனை எடுத்துரைத்தல் மறுபாதி.

மனநிலை குலைந்த அவர் 1865 யூலையில் வியன்னாவில் மனநோய் விடுதியொன்றிற் சேர்க்கப்பட்டார். இரு வாரங்களுள், ஓகஸ்ட் 13ஆம் திகதி, புண்ணிலிருந்து பரவிய நச்சுக்குருதியால் 47ஆம் வயதில் உயிர்நீத்தார். வாழ்நாளெல்லாம் எந்நோயை எதிர்த்தாரோ, அதற்கு இனமான நோயே அவரைக் கொண்டு சென்றது. அதற்கு முந்திய நாளிலேதான், கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் ஒரு சிறுவனின் கால்முறிவுப் புண்ணுக்குக் காபோலிக் அமிலமிட்டுக் கிருமிநீக்கச் சத்திரசிகிச்சைக்கு வழிதிறந்தார். 1879இல் லூயி பாஸ்டர், பிரசவச் சுரத்துக்குக் காரணம் சங்கிலிபோற் கோத்து நிற்கும் கிருமியே எனப் பாரிஸ் அறிஞரவையிற் காட்டினார். ஸ்திரெப்டோகொக்கஸ் என இன்று நாம் வழங்குவது அதனையே. புடாபெஸ்ற் நகரின் மருத்துவப் பல்கலைக்கழகம் 1969இல் செமல்வைஸின் பெயரைச் சூடிக்கொண்டது.

நம் தோலின்மேல் நிலைத்து வாழும் கிருமிகள் உண்டு. பிறரையும் பொருள்களையும் தொடுவதால் ஒட்டிக்கொள்ளும் கிருமிகளும் உண்டு. நோயைக் கடத்துவதிற் பின்னையவை பெரும்பங்கு கொள்கின்றன. முறையாகக் கழுவின் அவை எளிதில் நீங்கும். நோயாளியைத் தொடுமுன், தூய்மை வேண்டும் செயலைத் தொடங்குமுன், உடற்பாய்பொருள் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சூழ்ந்த பொருள்களைத் தொட்டபின் என உலக சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்த ஐந்து வேளைகளும், வியன்னா விடுதி வாயிலிலே வைக்கப்பட்ட கரைசலின் வழிவந்தவையே.

மருத்துவமும் தாதிமையும் பயிலும் நம் மாணவர் நோயாளியை அணுகும்போதெல்லாம் தம் கைகளை ஒருமுறை நோக்குவாராக. கற்ற கல்வி அக்கைகளுக்குத் திறமையைத் தரும். தூய்மையே அத்திறமையை நோயாளிக்கு நன்மையாக்கும்.