லிப்டனின் தருமம் எங்கே போனது?

ஹப்புத்தளைக்குச் சுற்றுலா போகிறவர்கள் தம்பேதன்ன தோட்டத்தின் உச்சிக்கும் ஏறுகிறார்கள். லிப்டன் சீட் என்று அழைக்கப்படும் அந்த இடத்தில் தோமஸ் லிப்டனின் சிலை ஒரு வாங்கில் அமர்ந்திருக்கிறது. கீழே கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை, நடுநடுவே லயன்கள். தன் தோட்டங்களை அவர் இங்கிருந்துதான் பார்த்தார் என்று சொல்வார்கள். பார்த்திருக்கலாம். ஆனால் அவர் வாழ்ந்ததும் கொடுத்ததும் பெயர் வாங்கியதும் வேறு ஊர்களில்.

1848 இல் கிளாஸ்கோ நகரின் ஏழைப் பகுதியொன்றில் பிறந்தவர் லிப்டன். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து சிறு மளிகைக் கடை வைத்தவர்கள். பதின்ம வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறி, வேர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவில் நெல் வயலிலும் கூலி வேலை செய்தார். அங்கே அடிமை முறை ஒழிந்து சில ஆண்டுகள்கூட ஆகியிராத காலம் அது. பின்னாளில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குத் துரையான மனிதர், தோட்டக் கூலியாகவும் இருந்திருக்கிறார் என்பதை அவரைப் பற்றிய புகழுரைகள் வேகமாகக் கடந்துவிடுகின்றன. அவர் பாடம் கற்றது நியூயோர்க் மளிகைக் கடையில்தான். பொருளை எப்படி அடுக்குவது, எப்படிக் கூவி விற்பது என்பதை அங்கேதான் பழகினார்.

1871 இல் கிளாஸ்கோவில் முதல் கடையைத் திறந்தார். கொழுத்த பன்றிகளைத் தெருவில் ஊர்வலம் விட்டார். 1881 நத்தாருக்கு ராட்சத பாற்கட்டி ஒன்றைத் தருவித்து, அதற்குள் தங்க நாணயங்களை ஒளித்து வைத்து விற்றார். பத்தே ஆண்டில் பிரித்தானியா முழுவதும் நூற்றுக்கணக்கான கடைகள்.

1890 இல் இலங்கைக்கு வந்தார். 1869 இல் தொடங்கிய இலை நோய் கோப்பியை அழித்துவிட்டிருந்ததால் தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. தம்பேதன்ன, லேமஸ்தோட்ட, மொனரகந்த எனத் தோட்டங்களை வாங்கினார். மலைச்சரிவிலிருந்து கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்கு இறக்கக் கம்பிவடம் போட்டார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்ட தேயிலையை ஒரு றாத்தல், அரை, கால் என்று பக்கற்றுகளில் அடைத்து, மற்றவர்களைவிட மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். இடைத்தரகர் இல்லை, தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்கு என்பதுதான் விளம்பரத்தின் சாரம். உண்மையில் அவர் விற்ற தேயிலையில் சொந்தத் தோட்டத்துத் தேயிலை சிறு பங்குதான். மீதி சந்தையில் வாங்கியது. ஆனாலும் விளம்பரப் படங்களில் கூடை சுமந்து நின்றவள் தமிழ்ப் பெண். அவள் முகம் உலகம் சுற்றியது.

அவளுக்கு என்ன கிடைத்தது? அன்றைய தோட்டங்களின் நிலைமை நம் வாசகர்கள் பலருக்குப் பாட்டி சொன்ன கதைதான். தமிழகத்திலிருந்து கூட்டிவந்த கங்காணியிடம் கடன். அந்தக் கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் சுமந்துபோன துண்டுச் சீட்டு. 10க்கு 12 அடி லயன் அறை. விட்டு ஓடினால் சிறை. துண்டு முறை ஒழிந்ததே 1921 இல்தான். இதையெல்லாம் லிப்டன் கண்டுபிடிக்கவில்லை, அவர் வருமுன்னரே இருந்தவை. அவற்றின் மேல் தன் வியாபாரத்தைக் கட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கஞ்சன் அல்ல அவர். 1897 இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்கு லண்டன் ஏழைகளுக்கு விருந்து வைக்க 25,000 பவுண் கொடுத்தார். மறுவருடம் சேர் பட்டம் வந்தது, கம்பனிப் பங்குகளும் சந்தைக்கு வந்தன. லண்டன் ஏழைகளுக்கான மலிவு உணவகத்துக்கு 1,00,000 பவுண் கொடுத்தார். 1915 இல் தன் உல்லாசக் கப்பலில் சேர்பியாவுக்கு மருத்துவப் பணியாளர்களைக் கொண்டுபோனார். அமெரிக்கா கிண்ணப் பாய்மரப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை தோற்று, அந்தத் தோல்விகளாலேயே அமெரிக்கர்களின் அன்பைப் பெற்றார். அதுவும் தேயிலை விற்க உதவியது.

1931 ஒக்டோபர் 2 ஆம் திகதி லண்டனில் இறந்தார். மணம் முடிக்கவில்லை. சொத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோவின் ஏழைத் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் என்று, தாயின் நினைவாக எழுதி வைத்திருந்தார். அதே 1931 இல்தான் கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத்து ஏழைத் தாய்மாருக்காக அங்கே பேச வேண்டியிருந்தது தருமத்தை அல்ல, சம்பளத்தை.

இந்த வேறுபாடு வடக்கு கிழக்கில் வாழும் நமக்குப் புதிதல்ல. 1977, 1983 வன்முறைகளுக்குத் தப்பி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையகக் குடும்பங்கள் நம்மோடு போரையும் சுமந்தன. போருக்குப் பின்னர் கம்பனிப் பெயர்ப்பலகையோடு வந்த கிணறுகளையும் வகுப்பறைகளையும் அவர்களும் பார்த்தார்கள். கிணறு தேவைதான். எங்கே வெட்டுவது என்று தீர்மானிப்பவர் யார் என்பதுதான் கேள்வி. லிப்டன் காலத்தில் அது ஒரு மனிதரின் மனம். இன்று அதே வேலையைச் சமூகப் பொறுப்பு என்ற பெயரில் ஒரு அலுவலகப் பிரிவு செய்கிறது.

லிப்டன் பெயர் படிப்படியாக யுனிலீவரிடம் போனது. 2007 இல் அந்தக் கம்பனி, தன் தேயிலை மழைக்காடு கூட்டணியின் தரச்சான்று பெற்ற தோட்டங்களிலிருந்தே வரும் என்று உலகத்துக்கு உறுதி சொன்னது. 2022 இல் பெரும்பாலான தேயிலை வணிகத்தை 450 கோடி யூரோவுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் விற்றுவிட்டது. அந்த விற்பனையில் தம்பேதன்ன இல்லை. இலங்கையிலிருந்த வெளிநாட்டுக் கம்பனித் தோட்டங்களை 1975 இல் அரசு எடுத்தது. 1992 இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குப் போனது. அங்கே நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு, வருடக்கணக்கான போராட்டங்களுக்குப் பின், 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.