வாயிற்காவலர் கண்ட வால்வெள்ளிகள்



வால்வெள்ளி தோன்றினால் அரசனுக்கு ஆகாது, நாட்டிலே பஞ்சமும் கொள்ளைநோயும் வரும் என்று முன்னாளில் மக்கள் அஞ்சியதை உங்கள் வீட்டு முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தூமகேது என்ற பெயரே அக்காலத்தில் பலரை நடுங்கச் செய்தது. அந்த அச்சத்தைப் போக்கி, வால்வெள்ளியும் இறைவன் வகுத்த ஒழுங்கின்படி வந்துபோகும் ஒரு படைப்பே என்று உலகம் அறிவதற்கு உழைத்தவர்கள் பலர். அவர்களுள் பெரும் கணித மேதைகள் உண்டு. அரச சபைகளில் வீற்றிருந்த அறிஞர்களும் உண்டு. ஆனால் இன்று நாம் உங்களுக்கு அறிமுகஞ் செய்பவர் மேதையுமல்லர், பிரபுவுமல்லர். வானாய்வு நிலையம் ஒன்றின் கதவைத் திறந்து பூட்டும் வேலைக்கு வந்த ஓர் ஏழை. அவர் பெயர் ழான் லூயி பொன்ஸ்.

திறப்புக் கோர்வையோடு வந்தவர்

பொன்ஸ் பிறந்தது 1761ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் திகதி. பாலன் பிறப்புக்காக உலகம் விழித்திருக்கும் நத்தார் இரவுக்கு முந்திய பகலும் இரவும் சேர்ந்த நாள் அது. பிரான்சு தேசத்தின் தென்கிழக்கிலே, தோபினே என்னும் மலைநாட்டிலுள்ள பேர் என்ற சிற்றூரே அவர் பிறந்த இடம். குடும்பம் வறியது. உயர்கல்வி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

1789இல், பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அதே ஆண்டில், மார்சேய் துறைமுக நகரின் வானாய்வு நிலையத்தில் அவருக்கு வாயிற்காவலர் வேலை கிடைத்தது. அந்த நிலையத்தைப் பற்றி நீங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1702இல் அதனைத் தொடக்கியவர்கள் இயேசுசபைத் துறவிகள். பிரான்சில் அச்சபை ஒடுக்கப்பட்ட பின்னர், 1763இல் அது வேறு கைகளுக்கு மாறியது. ஆயினும் துறவிகள் ஏற்றிய விளக்கு அணைந்துவிடவில்லை.

பொன்ஸின் கடமை எளியது. கதவைத் திறக்க வேண்டும், பூட்ட வேண்டும், வருவோர் போவோரைக் கவனிக்க வேண்டும். இரவிலே அறிஞர்கள் தொலைநோக்கிகளோடு பணிபுரிவதைப் பார்த்துக்கொண்டிருந்த இந்தக் காவலருக்கும் வானத்தின்மேல் ஆசை பிறந்தது. நிலையத்தின் தலைவராயிருந்த சில்வபெல் என்பவரும், அவருக்குப் பின் தலைவரான துலிஸ் என்பவரும் அந்த ஆசையை அலட்சியம் செய்யவில்லை. வேலைக்காரனுக்கு எதற்கு வானசாத்திரம் என்று விரட்டாமல், கருவிகளைக் கையாளவும் விண்மீன்களை இனங்காணவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஓர் ஏழையின் ஆர்வத்தை மதித்த அந்த இருவருக்கும் வானியல் உலகம் கடமைப்பட்டிருக்கின்றது.

மங்கலான புகைத்துளி

வால்வெள்ளியைக் கண்டுபிடிப்பதென்றால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நீண்ட வாலோடு வானத்தில் நிற்கும் பொருளைக் காண்பதற்குத் தொலைநோக்கி எதற்கு? ஆனால் அவ்வாறு எல்லோர் கண்ணிலும் படும் வால்வெள்ளிகள் மிகச் சில. வால்வெள்ளி என்பது உறைபனியும் தூசியும் கலந்த ஒரு கட்டி. சூரியனுக்கு வெகுதூரத்தில் இருக்கும்போது அது இருண்டு குளிர்ந்து கிடக்கும். சூரியனை நெருங்க நெருங்க வெப்பத்தினால் பனி ஆவியாகி, தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். அந்த ஆவியும் தூசியுமே தலையைச் சூழ்ந்த ஒளிப்படலமாகவும் வாலாகவும் தெரிகின்றன. தொடக்கத்தில் பார்த்தால் வாலே இராது. மங்கலான ஒரு புகைத்துளி போலத்தான் இருக்கும்.

அத்தகைய புகைத்துளிகள் வானில் ஏராளம். அவற்றுட் பெரும்பாலானவை அசையாமல் ஒரே இடத்தில் நிற்பவை. வால்வெள்ளி தேடுவோர் அவற்றால் ஏமாறக்கூடாதென்றே மெசியே என்ற பிரெஞ்சு வானியலாளர் பெயர்பெற்ற பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். ஒரு புகைத்துளி விண்மீன்களுக்கிடையே இடம் மாறினால் மட்டுமே அது வால்வெள்ளியாகும். எனவே, தேடுபவருக்கு வேண்டியவை இரண்டு: நிலவில்லாத தெளிந்த இரவுகளிலெல்லாம் சலியாமல் பார்க்கும் பொறுமை; நேற்று இருந்த வானத்தை இன்று நினைவிற் கொண்டுவரும் ஆற்றல்.

இவ்விரண்டும் பொன்ஸிடம் நிறைந்திருந்தன. தாம் பார்த்த விண்மீன் கூட்டங்களை அவர் மனத்திலே பதித்து வைத்திருந்தார். நாம் நமது தெருவிலுள்ள வீடுகளை அறிந்திருப்பதுபோல அவர் வானத்தை அறிந்திருந்தார். புதியவர் ஒருவர் அங்கே வந்து நின்றால் உடனே கண்டுகொள்வார். வாயிற்காவலரின் வேலையும் அதுதானே! தம் தேவைக்கேற்ற தொலைநோக்கிகளையும் அவரே அமைத்துக்கொண்டார். பெரிய கண்ணாடியும் குறுகிய குழலும் கொண்டு, வானின் அகன்ற பரப்பை ஒரே பார்வையில் காட்டிய ஒரு கருவிக்குப் பெருந்தேடி என்று பொருள்படும் பெயரையும் இட்டிருந்தார்.

1801ஆம் ஆண்டு யூலை 11ஆம் திகதி இரவு அவருடைய முதலாவது வால்வெள்ளி அகப்பட்டது. அப்போது அவருக்கு வயது 39. காவற்பணிக்கு வந்து 12 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே வால்வெள்ளியைப் பரிசில் மெசியேயும் கண்டார். ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற ஒருவரோடு மார்சேய் காவலரின் பெயரும் சேர்ந்து ஒலித்தது. அதன்பின் 1827 வரையில் அவர் கண்டவற்றை எல்லாம் கூட்டி, 37 வால்வெள்ளிகள் என்று வானியல் வரலாறு கணக்கிடுகின்றது. தொலைநோக்கியிற் கண்ணை வைத்துப் பார்த்தே வால்வெள்ளி கண்டவர்களுள் இத்தொகையை எட்டியவர் வேறெவருமில்லை.

1813இல் அவர் நிலையத்தின் துணை வானியலாளராக உயர்த்தப்பட்டார். 1818இல் அங்கே உதவித் தலைவரானார்.

அவருடைய வெள்ளந்தியான மனத்தைக் காட்டும் கதை ஒன்றும் உண்டு. நெடுநாளாக வால்வெள்ளி எதுவும் அகப்படவில்லையே என்று அவர் தம் நண்பரான வொன் சாக் என்னும் அறிஞரிடம் குறைப்பட்டாராம். சாக் வேடிக்கையாக, சூரியனிலே பெரிய கரும்புள்ளிகள் தோன்றும் வரையில் பொறுத்திரும் என்று பதில் எழுதினாராம். சில காலத்தின் பின் பொன்ஸ், புள்ளிகளும் தோன்றின, வால்வெள்ளியும் அகப்பட்டது என்று நன்றி தெரிவித்து எழுதினாராம். கற்றவர்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் வால்வெள்ளியைக் கண்டவர் அவரேயன்றிச் சிரித்தவர்கள் அல்லர்.

பெயர் போனாலும் பணி போகவில்லை

1818ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி பொன்ஸ் மங்கலான ஒரு வால்வெள்ளியைக் கண்டார். யோகான் என்கே என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் அதன் பாதையைக் கணக்கிட்டபோது வியப்பான உண்மை ஒன்று வெளிப்பட்டது. 1786இலும் 1795இலும் வேறு இருவர் கண்டதும், 1805இல் பொன்ஸ் தாமே கண்டதும் இதே வால்வெள்ளிதான்! ஏறத்தாழ 3 ஆண்டுகளும் 4 மாதங்களும் கொண்ட சிறிய காலத்தில் அது சூரியனைச் சுற்றி வருகின்றது. 1822இல் திரும்பும் என்று என்கே முன்னறிவித்தார். அவ்வாறே அது வந்தது. அவுஸ்திரேலியாவின் பரமற்றா என்னுமிடத்திலிருந்து அதனைக் கண்டார்கள். ஹலியின் வால்வெள்ளிக்குப் பின்னர், முன்கூட்டியே சொல்லித் திரும்பி வந்த இரண்டாவது வால்வெள்ளி இதுவே.

இன்று உலகம் அதனை என்கேயின் வால்வெள்ளி என்றே அழைக்கின்றது. கண்டவர் பெயர் மறைந்து, கணக்கிட்டவர் பெயர் நிலைத்துவிட்டது. என்கே நேர்மையானவர், தம் வாழ்நாளில் அதனைப் பொன்ஸின் வால்வெள்ளி என்றே குறிப்பிட்டுவந்தார். ஆனாலும் உலகவழக்கு மாறவில்லை. பொன்ஸ் 1818 பெப்ரவரியிற் கண்ட இன்னொரு வால்வெள்ளியும், பிற்காலத்தில் அதன் பாதையை ஆராய்ந்த குறொம்லின் என்பவருடைய பெயரையே பெற்றது. தாம் கண்டதற்குத் தம் பெயர் கிடைக்காவிட்டால் நம்மில் எத்தனைபேர் அடுத்த இரவும் வேலைக்குப் போவோம்? பொன்ஸ் போனார்.

மதிப்பு அடியோடு கிட்டவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பிரெஞ்சு அறிவியற் கழகம் லலாண்ட் பரிசை ஒரு தடவைக்கு மேலாக அவருக்கு வழங்கியது. 1824இல் இலண்டன் வானியற் சங்கம் என்கேக்குத் தங்கப் பதக்கத்தையும் பொன்ஸுக்கு வெள்ளிப் பதக்கத்தையும் அளித்தது. 1819இல் இத்தாலியின் லுக்கா நாட்டை ஆண்ட மரியா லூயிசா அரசி, மார்லியாவிலுள்ள தம் மாளிகைப் பூங்காவில் அமைத்த வானாய்வு நிலையத்துக்குத் தலைவராக அவரை அழைத்தார். அரசியின் மறைவுக்குப் பின், 1825இல் தொஸ்கானாப் பெருங்கோமகன் இரண்டாம் லியோப்போல்ட் அவரைப் புளோறன்ஸ் நகர வானாய்வு நிலையத்தின் தலைவராக்கினார். கதவைத் திறக்க வந்தவர் இரண்டு நிலையங்களுக்குத் தலைவரானார்.

கடைசியில் அவர் கண்கள் மங்கத் தொடங்கின. ஆயிரக்கணக்கான இரவுகள் உழைத்த கண்கள் அவை. பணியிலிருந்து ஓய்வுபெற்ற சிறிது காலத்துக்குள், 1831ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி, தமது 69ஆம் வயதில் புளோறன்சிலே அவர் காலமானார். சந்திரனிலுள்ள பள்ளம் ஒன்று இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றது.

திரும்பி வந்த விருந்தாளி

பொன்ஸின் கதை அவருடைய மரணத்தோடு முடியவில்லை. 1812 யூலை 12ஆம் திகதி மார்சேயில் அவர் ஒரு வால்வெள்ளியைக் கண்டிருந்தார். முதலில் வாலில்லாத மங்கலான துளியாயிருந்த அது, அடுத்த சில வாரங்களில் வெறுங்கண்ணுக்கும் தெரியும் அளவுக்கு ஒளி பெற்றது. அது ஏறத்தாழ 70 ஆண்டுகளில் திரும்பும் என்று இதற்கும் என்கே கணித்தார். 1883இல் அமெரிக்காவிலிருந்த வில்லியம் புறூக்ஸ் என்பவர் தற்செயலாகக் கண்ட வால்வெள்ளி அதுவே என்று தெரியவந்தது. அதனால் அதற்குப் பொன்ஸ்-புறூக்ஸ் என்று பெயராயிற்று. 1954இல் மீண்டும் வந்தது.

வால்வெள்ளியின் ஒளியை அளப்பவர்கள் செய்யும் முறையைச் சொல்கின்றோம், கேளுங்கள். ஒளியளவு தெரிந்த விண்மீன்களோடு வால்வெள்ளியை ஒப்பிட்டு, இதைவிடப் பிரகாசம், அதைவிட மங்கல் என்று தீர்மானிக்கின்றார்கள். விண்மீன் ஒரு புள்ளி. வால்வெள்ளியோ பரந்த புகை. ஆகவே தொலைநோக்கியின் குவியத்தைச் சற்றே மாற்றி, விண்மீன்களையும் புகைபோலப் பரவச் செய்து ஒப்பிடுவார்கள். இரவுக்கிரவு இவ்வாறு குறித்துக்கொண்டுபோனால் அது வளர்வதும் தேய்வதும் தெரியவரும். எல்லா வால்வெள்ளிகளும் எதிர்பார்த்தபடி நடப்பதில்லை. 1973இல் பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட கொஹூட்டெக் வால்வெள்ளி பலரை ஏமாற்றியது. பொன்ஸ்-புறூக்ஸோ இதற்கு எதிர்மாறானது. அது திடீர் திடீரென்று ஒளிர்வதிற் பெயர்பெற்றது. 1883இலேயே அவ்வாறு நடந்து பார்த்தவர்களை வியக்கவைத்தது.

2023 யூலை 20ஆம் திகதி, சூரியனுக்கு இன்னும் வெகுதொலைவில் இருந்தபோதே, அதன் ஒளி ஏறத்தாழ 100 மடங்காக உயர்ந்தது. உள்ளிருந்த ஆவியும் தூசியும் வெடித்து வெளிவந்ததே காரணம். வெளிவந்த படலம் இரண்டு கொம்புகள் போலத் தோன்றியதால் சிலர் அதனைப் பேய் வால்வெள்ளி என்று அழைத்தார்கள். பேயுமில்லை, பிசாசுமில்லை, பனியும் தூசியும் சூரிய வெப்பமுமே அங்கு இருந்தன. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அது சூரியனை மிக அண்மித்துச் சென்றது. பொன்ஸ் கண்டு 212 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவருடைய பெயர் உலகெங்கும் சொல்லப்பட்டது. 1827இல் அவர் கண்ட மற்றொன்று, 185 ஆண்டுகளின் பின் 2012இலேதான் மறுபடியும் காணப்பட்டது.

நமக்கு என்ன?

அன்புள்ள பெற்றோரே, படிப்பிலே பின்தங்கிவிட்டான் என்று நீங்கள் மனம் வருந்தும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம். இனி இவனால் என்ன ஆகும் என்று அவன் காதுபடப் பேசாதீர்கள். சில்வபெல்லும் துலிஸும் ஒரு காவலாளியை எப்படி நடத்தினார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, கிடைத்த வேலை சிறிதென்று வெட்கப்படாதீர்கள். நமது திருச்சபையின் புனிதர்களுள்ளும் கதவருகே வாழ்நாளைக் கழித்தவர்கள் உண்டு. மயோர்க்காத் தீவின் இயேசுசபைக் கல்லூரியில் புனித அல்போன்ஸ் றொட்றிகசும், ஜெர்மனியின் ஆல்ட்டெற்றிங் துறவியர் இல்லத்தில் புனித கொன்றாட்டும் அந்தப் பணியையே செய்தார்கள். பொன்ஸைப் புனிதர் என்று நாம் சொல்ல வரவில்லை. சிறிய கடமையையும் உண்மையோடு செய்தவன் பெரியதற்குத் தகுதியாவான் என்பதற்கு அவர் வாழ்வு சான்று என்றே சொல்கின்றோம்.

மாற்கு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்திலே, பயணம்போகும் வீட்டுத் தலைவன் ஊழியர் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையைக் கொடுத்து, வாயிற்காவலனுக்கு மட்டும் விழித்திருக்கும்படி கட்டளையிடும் உவமையை நீங்கள் படித்திருப்பீர்கள். மாலையிலோ நள்ளிரவிலோ விடியற்காலையிலோ, எந்த வேளையில் தலைவன் வருவான் என்று அவனுக்குத் தெரியாது. வால்வெள்ளி எந்த இரவில் வருமென்று பொன்ஸுக்கும் தெரியாது. ஆகையால் அவர் எல்லா இரவுகளிலும் விழித்திருந்தார்.

அடுத்த திருவருகைக் காலத்தில், நிலவில்லாத ஓர் இரவிலே உங்கள் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் சென்று வானத்தைக் காட்டுங்கள். வால்வெள்ளி தெரியாமற் போகலாம். ஆனால் அதனைப் படைத்தவருடைய கைவண்ணம் தெரியும். அவருக்காக விழித்திருக்கும் பழக்கமும் அங்கே தொடங்கும்.