தர்குட் மார்ஷல்: குற்றமற்றோர்க்காக வாதாடிய பெருந்தகை

அண்ணல் அம்பேத்கர் சட்டக் கல்வியைத் தம் மக்களின் விடுதலைக்குக் கருவியாக்கிக் கொண்டதை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாறே கடல் கடந்த அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காக வாதாடியவர் தர்குட் மார்ஷல். நம் சங்கத்து இளைஞர்கள் அவர் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

அவர் 1908ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தை ரயிலில் உணவு பரிமாறும் பணியாளராக இருந்தவர். தாய் பள்ளி ஆசிரியை. மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி அந்நாளில் கறுப்பர்க்கு இடம் தரவில்லை. ஆகவே அவர் வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்திற்கு நாள்தோறும் பயணம் செய்து பயின்றார். அக்கல்விக்காக அன்னையார் தம் திருமண மோதிரத்தையே அடகு வைத்தார். 1933இல் முதல் மாணவராகத் தேறிய மார்ஷல், மூன்றே ஆண்டுகளுக்குள் அதே மேரிலாந்துக் கல்லூரி ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக் கொள்ளும்படி நீதிமன்றத்தில் வென்று காட்டினார்!

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பே அவர் புகழைப் பரப்பியது. அதனைப் பலரும் எழுதியுள்ளனர். நாம் இங்கே கூற விழைவது, அத்துணை பேசப்படாத குரோவ்லாந்து வழக்கைப் பற்றியதாகும்.

1949ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் புளோரிடா மாநிலத்துக் குரோவ்லாந்தில், வெள்ளைப் பெண்ணொருத்தியைக் கெடுத்ததாகக் கறுப்பின இளைஞர் நால்வர்மீது பழி சுமத்தப்பட்டது. ஒருவரை வேட்டைக் கும்பல் சுட்டுக் கொன்றது. பிடிபட்ட மூவரும் அடித்து வதைக்கப்பட்டனர். இருவர் வலி தாளாது குற்றத்தை ஒப்புக்கொண்டனர். வால்டர் இர்வின் மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. வெள்ளையரே நிறைந்த ஜூரி, இர்வினுக்கும் சாமுவேல் ஷெப்பர்டுக்கும் மரண தண்டனையும், பதினாறே வயதான சார்லஸ் கிரீன்லீக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கச் செய்தது. கிரீன்லீ மேல்முறையீடு செய்யவில்லை. மறுவிசாரணையில் உயிரே போகக்கூடும் என்ற அச்சம் அவனைத் தடுத்தது. அச்சிறுவனைக் கோழை என்று கூற நமக்கு மனம் வரவில்லை.

மற்ற இருவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1951இல் தள்ளுபடி செய்தது. அவ்வாண்டு நவம்பரில், மறுவிசாரணைக்காக அவர்களைக் காரில் கொணர்ந்த ஷெரீப், விலங்கிட்ட நிலையிலேயே இருவரையும் சுட்டார். ஷெப்பர்டு மாண்டார். இர்வின் இறந்தவர்போல் கிடந்து உயிர் தப்பினார்.

1952இல் மறுவிசாரணை தொடங்குமுன் அரசுத் தரப்பு ஒரு பேரத்தை முன்வைத்தது: குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுள் தண்டனை, மறுத்தால் மின்சார நாற்காலியை எதிர்நோக்க வேண்டும். இதனை இர்வினிடம் எடுத்துரைப்பது வழக்கறிஞரான மார்ஷலின் கடமையாயிற்று. செய்யாத குற்றத்தைச் செய்ததாகக் கூற இர்வின் மறுத்துவிட்டார். காலணித் தடத்தின் அச்சு, காலணிக்குள் கால் இல்லாதபோதே பதிக்கப்பட்டது என்று வல்லுநர் சாட்சியம் அளித்தும் பயனில்லை. மீண்டும் மரண தண்டனையே கிட்டியது. 1955இல் ஆளுநர் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

இப்பேரத்தின் கொடுமையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். குற்றவாளிக்கு அது சலுகை. குற்றமற்றவனுக்கோ அது மிரட்டல். ஜூரியிடம் நீதி கிடைக்காதென அறிந்த எளியவனே அதற்கு முதலில் பணிகிறான். நம் நாட்டிலும் 2006ஆம் ஆண்டு முதல், ஏழாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றங்கள் சிலவற்றில் இத்தகைய பேரத்திற்குச் சட்டம் இடமளித்துள்ளது. எனவே இது நமக்கு அயலார் கதையன்று.

1967இல் மார்ஷல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். தாம் குற்றமற்றவர் என்று கூறிக்கொண்டே, மரணத்திற்கு அஞ்சிக் குற்றத்தை ஏற்ற ஆல்ஃபோர்டு என்பவரின் ஒப்புதல் செல்லும் என 1970இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்த்து நின்ற மூவருள் மார்ஷலும் ஒருவர். 1978இல் வேறொரு வழக்கு. 88 டாலர் 30 சென்ட் காசோலை மோசடிக்கு ஐந்தாண்டுச் சிறையை ஏற்க மறுத்த ஹேய்ஸ் என்பவருக்கு, முன்குற்றங்களைக் காட்டி ஆயுள் தண்டனை வாங்கித் தந்தனர். பெரும்பான்மையினர் அதனையும் ஏற்றனர், மார்ஷல் ஏற்கவில்லை.

1991இல் ஓய்வு பெற்ற அவர், 1993ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் மறைந்தார். 1968இல் பரோலில் வெளிவந்த இர்வின் மறு ஆண்டே இறந்துபோனார். குரோவ்லாந்து இளைஞர்மீது சுமத்தப்பட்ட குற்றத்தைப் புளோரிடா நீதிமன்றம் அறவே நீக்கியது 2021ஆம் ஆண்டு நவம்பரில்தான். அப்போது அந்நால்வருள் ஒருவரும் உயிரோடு இல்லை.