புழுக்களைப் போற்றிய குடும்பம்

சென்ற மாரியில் ஒருநாட் காலை, எம் வீட்டு முற்றத்துத் தேசிக்கன்றில் இலை தின்றுகொண்டிருந்த பச்சைப் புழுவொன்றைக் கிள்ளி எறிய யான் கை நீட்டினேன். அருகில் நின்ற என் பேர்த்தி கையைத் தடுத்து, இதன் அம்மா எங்கே என்று வினவினாள். எறும்பை மூவறிவுயிரென்றும் தும்பியை நான்கறிவுயிரென்றும் வகுத்த தொல்காப்பிய மரபியலை ஆண்டுதோறும் மாணவர்க்கு உரைத்துவரும் எனக்கு விடை வாயில் வரவில்லை. பெயரளவில் மட்டும் அறிந்திருந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை முழுதும் கற்கத் தூண்டியது அவ்வினாவே.

மரியா சிபில்லா மேரியன் 1647ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரிற் பிறந்தார். செப்புத்தகட்டுச் சித்திர வேலையிற் புகழ்பெற்ற தந்தையார் 1650இற் காலமானார். தாயார் மறுமணஞ் செய்த மலரோவியரே சிறுமிக்குத் தூரிகை பிடிக்கக் கற்பித்தார். 1660இல், தம் பதின்மூன்றாம் வயதில், மேரியன் பட்டுப்புழுக்களை வளர்த்து அவற்றின் வாழ்க்கையை ஆராயத் தொடங்கினார். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமே தோன்றுவன என்று பலரும் நம்பிய காலம் அது. அதனை மறுத்த இத்தாலிய அறிஞர் ரெடியின் சோதனை நூல் வெளிவந்தது 1668இலேயாம்.

1665இல் ஓவியர் ஒருவரை மணந்து, பின்னர் நூரெம்பேர்க் நகரிற் குடியேறினார். யோகன்னா, டொரத்தியா என இரு பெண்மக்கள் பிறந்தனர். இல்லறக் கடமைகளுக்கிடையிலும் தோட்டங்களிற் புழுக்களைத் தேடிக் கொணர்ந்து, ஒவ்வொன்றும் உண்ணும் இலையைக் கண்டறிந்து ஊட்டி வளர்த்தார். புழு, கூடு, வண்ணத்துப்பூச்சி என்னும் நிலைகளை உணவுச் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் தீட்டினார். 1679இலும் 1683இலும் வெளிவந்த அவரது புழு நூலின் இரு பாகங்களும் தனித்தனி 50 படங்கள் கொண்டவை.

கணவரைப் பிரிந்த அம்மையார், தம் தாயாரோடும் மக்களோடும் ஒல்லாந்திலிருந்த ஒரு சமயச் சங்கத்தில் வாழ்ந்தார். தாயார் அங்கே மறைந்தபின் 1691இல் மக்களுடன் அம்ஸ்ரர்டாம் சேர்ந்தார். ஓவியமே மூவர்க்கும் பிழைப்பாயிற்று. 1699இல், ஐம்பத்திரண்டு வயதில், தம் படங்களை விற்ற பணங்கொண்டு, இளைய மகளை மட்டும் துணையாக்கித் தென்னமெரிக்கச் சூரினாமுக்குக் கப்பலேறினார்.

அங்கே காட்டில் அவருக்கு வழிவெட்டியோரும் செடி கொணர்ந்தோரும் அடிமைகள். இதனை மறைத்தல் தகாது. அவரும் மறைக்கவில்லை. எம் முற்றங்களிலும் பூக்கும் மயிற்கொன்றையின் விதையை உண்டு அடிமைப் பெண்கள் தம் கருவைக் கலைத்தனர் என்றும், பிறக்கும் பிள்ளையும் அடிமையாகலாகாது என்பதே காரணம் என்றும் அப்பெண்கள் கூறக்கேட்டு எழுதிவைத்தார். தம் கலையைத் தம் மகளுக்கு அளிக்கும் பேறு பெற்ற ஒரு தாய், தம் விலங்கைத் தம் மக்களுக்கு அளிக்க மறுத்த தாய்மாரின் சொல்லை ஏட்டிற் பதித்தார். அவ்விடத்தைக் கடந்து செல்ல எனக்கு நெடுநேரமாயிற்று.

நோயுற்று 1701இல் மீண்ட அவர், 60 படங்களோடு சூரினாம் நூலை 1705இல் வெளியிட்டார். 1717 ஜனவரி 13ஆம் நாள் மறைந்தார். எஞ்சியிருந்த புழு நூலின் மூன்றாம் பாகத்தை அவ்வாண்டிலேயே இளைய மகள் வெளிக்கொணர்ந்தார். மூத்த மகளும் சூரினாமிற் குடியேறிப் பூச்சியோவியத்தைத் தொடர்ந்தார். இளையவர் இரசியா சென்று, சென் பீற்றர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகத்திற் சித்திரந் தீட்டினார். கணித மேதை ஒயிலர் 1776இல் மணந்த சலோமி, இவருடைய மகளே, மேரியனின் பேர்த்தியே.

யான் அன்று அப்புழுவைக் கொல்லவில்லை. ஒரு போத்தலில் தேசியிலைகளோடு இட்டு, வாயைத் துணியாற் கட்டினோம். பேர்த்தி நாள்தோறும் இலை மாற்றினாள். கண்டதைக் கொப்பியில் வரைந்தாள். புழு கூடாயிற்று. பின்னொரு காலை, கரிய சிறகில் வெளிர்மஞ்சட் பொட்டுக்களோடு ஒரு வண்ணத்துப்பூச்சி வெளிவந்து வேலிக்கப்பாற் பறந்தது.

சில நாட்களின் பின் பேர்த்தி என்னை முற்றத்துக்கு அழைத்தாள். அதேபோன்ற வண்ணத்துப்பூச்சியொன்று தேசித் தளிரில் அமர்ந்து ஒரு முட்டையை வைத்துச் சென்றது. இதுதான் அம்மா என்றாள். வினவியவளே எனக்கு விடையும் கூறினாள்.