உடையார்பாளையம் முதல் திருவல்லிக்கேணி வரை: தமிழின் நகரக் கவிதைகளை மீட்ட உ.வே.சா.

நகரத்தைப் பற்றிக் கவிதை எழுதுவது நவீன காலத்துச் சமாச்சாரம் என்று பலரும் நினைக்கிறார்கள். சீனாவில் 1930-களில் டாய் வாங்ஷு போன்றவர்கள் ஷாங்காய் இதழ்களில் புதுக்கவிதை எழுதினார்கள். தமிழில் 1960-களின் தொடக்கத்தில் சி.மணி சென்னையின் இரவை 'நரகம்' என்ற கவிதையில் கொண்டுவந்தார்.

ஆனால், தமிழில் நகரக் கவிதை ரொம்பப் பழசு. சங்க காலத்திலேயே மதுரைக்கும் புகாருக்கும் நெடும்பாட்டுகள் எழுதப்பட்டுவிட்டன. சிக்கல் என்னவென்றால், 19-ம் நூற்றாண்டில் அவை செல்லரித்த ஓலைகளில் கிடந்தன. படித்தவர்களிலேயே பலருக்கு அவற்றைத் தெரியாது. அவற்றைத் தேடி அச்சில் ஏற்றியவர் நகரத்துப் பிள்ளை அல்ல. அரியலூர், குன்னம் பக்கத்து ஊர்களில் வளர்ந்த உ.வே.சாமிநாதையர்.

ஜமீனை நம்பிய குடும்பம்

உ.வே.சா. பிறந்தது 1855 பிப்ரவரி 19. சொந்த ஊர் பாபநாசம் அருகே உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் இசைக் கலைஞர். அவர் பாட்டுக் கற்றது உடையார்பாளையத்தில். அங்கே கச்சி யுவரங்கர் என்ற ஜமீன்தாரின் அவையில் கனம் கிருஷ்ணையர் புகழ்பெற்ற பாடகராக இருந்தார். பதங்கள் இயற்றுவதிலும் பெயர் பெற்றவர். வேங்கடசுப்பையருக்கு உறவினரும்கூட.

அந்தக் காலத்தில் பாட்டும் கவிதையும் நம்பியிருந்தது இப்படிப்பட்ட அரண்மனைகளைத்தான். ஜமீன்தார் மனம்வைத்தால் சன்மானமும் சாப்பாடும் உண்டு. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேங்கடசுப்பையர் ஊர் ஊராகப் போய் ராமாயணப் பிரசங்கம் செய்து, கிடைத்ததைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். பையனும் கூடவே அலைந்தான். அரியலூரில் ஒரு வாத்தியார், குன்னத்தில் ஒருவர், செங்குணத்தில் ஒருவர் என்று படிப்பும் ஊருக்கு ஊர் மாறியது.

1871-ல் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த பிறகுதான் படிப்பு நிலைத்தது. 1876-ல் ஆசிரியர் காலமானார். அதன் பிறகு திருவாவடுதுறை ஆதீனம் ஆதரித்தது.

மாதச் சம்பளம் செய்த மாற்றம்

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 50 ரூபாய். அப்பாவுக்கு வாழ்நாளில் வாய்க்காத நிலையான வருமானம்.

அதே ஆண்டு, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் ராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஏராளமாகப் படித்திருந்த உ.வே.சா.வுக்கு அந்த நூல் தெரியாது. இங்கேதான் தேடல் தொடங்கியது.

ஓலைகள் இருந்தது கிராமத்து வீடுகளிலும் மடங்களிலும். அச்சகம் இருந்தது சென்னையில். கல்லூரிக்கு விடுமுறை விட்டதும் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் புரூஃப் திருத்துவார். பணத்துக்கு, புத்தகம் வாங்கிக்கொள்கிறோம் என்று கையொப்பம் போட்டவர்களை நம்பினார். மடங்களும் பிரபுக்களும் உதவினாலும், இது ஒரே ஒரு ஜமீன்தாரின் தயவில் நடந்த வேலை அல்ல. முன்பின் தெரியாத வாசகர்களும் இப்போது புரவலர்களாக இருந்தார்கள். 1887-ல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. 1889-ல் பத்துப்பாட்டு வந்தது.

அந்தப் பாட்டுகளில் என்ன இருக்கிறது?

பத்துப்பாட்டில் மிக நீளமானது மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி; 782 அடிகள். பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையைச் சொல்ல வந்த பாட்டு, மதுரையை ஒரு முழு நாள் சுற்றிக் காட்டுகிறது. பகல் கடைத்தெரு நாளங்காடி. இரவுக் கடைத்தெரு அல்லங்காடி. கொடிகள், கூட்டம், வியாபாரம் எல்லாம் உண்டு. ஊர் அடங்கிய பிறகு கள்வர்கள் வருகிறார்கள். அவர்களைப் பிடிக்கத் திரியும் காவலர்களும் வருகிறார்கள்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடிகளில் புகார்த் துறைமுகத்தைக் காட்டுகிறது. கடல் வழியே குதிரைகள் வந்திறங்குகின்றன, வண்டியில் மிளகு மூட்டைகள் வருகின்றன, சுங்க அதிகாரிகள் புலி முத்திரை குத்துகிறார்கள். இத்தனை வளத்தையும் சொல்லிவிட்டு, இந்தப் பட்டினமே கிடைத்தாலும் காதலியை விட்டு வரமாட்டேன் என்கிறான் தலைவன். நகரத்தின் கவர்ச்சியையும் அதற்கு மறுப்பையும் ஒரே பாட்டு பேசுகிறது. 1892-ல் அவர் பதிப்பித்த சிலப்பதிகாரத்திலோ புகாரின் இந்திரவிழாவும் உண்டு, மதுரை எரிவதும் உண்டு.

திருவல்லிக்கேணியில்

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். திருவல்லிக்கேணியில் குடியேறினார். 1919-ல் ஓய்வு பெற்றும் பதிப்பு வேலை நிற்கவில்லை. 1936-ல் கனம் கிருஷ்ணையரின் வாழ்க்கையை எழுதினார். 1940-லிருந்து ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடராக வந்தது. உடையார்பாளையம் அரண்மனைப் பாட்டுக் கதைகள் சென்னை வார இதழ் வழியே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

1942-ல் போர் பயத்தில் சென்னை காலியானது. திருக்கழுக்குன்றத்துக்கு இடம் மாறிய உ.வே.சா. ஏப்ரல் 28-ம் தேதி அங்கேயே காலமானார். தொடர் பாதியில் நின்றது.

17 ஆண்டுகள் கழித்து, 1959-ல் அதே திருவல்லிக்கேணியிலிருந்து சி.சு.செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். 'நரகம்' வெளியானது அதில்தான். சென்னை இரவைச் சொல்லும்போது சி.மணி பழந்தமிழ்ப் பாட்டின் நடையையும் எடுத்தாள்கிறார். 1960-களில் ஒரு இளைஞருக்குச் சங்கப் பாட்டு கைக்கெட்டும் புத்தகமாகக் கிடைத்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் குன்னத்திலும் அரியலூரிலும் வளர்ந்த அந்தப் பையன்.