திராட்சையைக் காப்பாற்றிய பூச்சி நிபுணர்

பிரான்சு நாட்டில் பல லட்சம் குடும்பங்களுக்குத் திராட்சைதான் சோறு போட்டது. 1863-ம் ஆண்டு வாக்கில், அந்த நாட்டின் தெற்கே திராட்சைக் கொடிகள் வாடத் தொடங்கின. இலை பழுத்தது. காய் சுருங்கியது. கொடி பட்டுப்போயிற்று.

பட்டுப்போன கொடிகளைத் தோண்டிப் பார்த்தார்கள். வேர் அழுகிக் கிடந்தது. ஆனால் ஒரு பூச்சிகூட இல்லை!

1868-ல் பிளாஞ்சோன் என்ற பேராசிரியரும் அவருடைய நண்பர்களும், உயிர் இருந்த கொடியைத் தோண்டினார்கள். வேர் முழுவதும் மஞ்சள் நிறத்தில் மிகச் சிறிய பூச்சிகள்! கொடி செத்ததும் அவை அடுத்த கொடிக்குப் போய்விடும். அதனால்தான் முன்பு அகப்படவில்லை.

அந்தப் பூச்சியின் பெயர் பில்லாக்செரா. அது எங்கிருந்து வந்தது? அதைத் துப்புத் துலக்கியவர்களில் முக்கியமானவர் சார்லஸ் ரைலி.

பூச்சிப் பைத்தியம்

ரைலி 1843-ல் லண்டனில் பிறந்தார். பிரான்சிலும் ஜெர்மனியிலும் படித்தார். சிறு வயதிலேயே பூச்சிகளைப் பார்த்துப் படம் வரைவார். 17-வது வயதில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பண்ணையில் வேலை செய்தார். பிறகு சிகாகோ நகரில் ஒரு விவசாயப் பத்திரிகையில் பூச்சிகளைப் பற்றி எழுதினார். 1868-ல் மிசௌரி மாநிலத்தின் பூச்சி நிபுணர் ஆனார். அப்போது அவருக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை.

அமெரிக்கக் காட்டுத் திராட்சையில் இருந்த பூச்சியை ரைலி ஆராய்ந்தார். 1871-ல் பிரான்சுக்கே போய்ப் பார்த்தார். இரண்டும் ஒரே பூச்சிதான்! அமெரிக்கக் கொடிகளோடு அது கப்பலில் வந்திருந்தது.

வேரின் கவசம்

அப்படியானால் அமெரிக்கக் கொடி ஏன் சாகவில்லை?

அங்கே கொடியும் பூச்சியும் நெடுங்காலமாக ஒன்றாக வாழ்ந்தவை. தாங்க முடியாத கொடிகள் அழிந்தன. தாங்கிய கொடிகள் விதை விட்டுப் பெருகின. பூச்சி கடித்தால், அவற்றின் வேர் தக்கை போன்ற தோலை வளர்த்துப் புண்ணை மூடிவிடும். அழுகல் உள்ளே பரவாது.

ஐரோப்பாவின் கொடி இந்தப் பகைவனை முன்பு கண்டதே இல்லை. அதனிடம் கவசம் இல்லை.

இதற்கு வழி என்ன? ஒட்டு மாங்கன்று கட்டுவது போலத்தான்! கீழே அமெரிக்க வேர். மேலே பிரெஞ்சுக் கொடி. ரைலி, பிளாஞ்சோன் முதலியவர்கள் இதை வற்புறுத்தினார்கள். மதுவின் சுவை கெட்டுவிடும் என்று பலர் எதிர்த்தார்கள். பூச்சியைக் கொல்ல மண்ணுக்குள் மருந்து செலுத்திப் பார்த்தார்கள். வயலில் தண்ணீரைத் தேக்கிப் பார்த்தார்கள். மருந்துக்குச் செலவு அதிகம். தண்ணீர் எல்லா இடத்திலும் கிடைக்காது. கடைசியில் ஒட்டுக் கொடியே வென்றது. மிசௌரியிலிருந்து கொடித் துண்டுகள் கப்பல் கப்பலாகப் போயின. ரைலிக்குப் பிரெஞ்சு அரசாங்கம் தங்கப் பதக்கம் வழங்கியது.

சைக்கிள் விபத்து

1895 செப்டம்பர் 14-ந்தேதி வாஷிங்டன் நகரில் ரைலி சைக்கிளில் போனார். சாலையில் கிடந்த கல்லில் சக்கரம் மோதியது. கீழே விழுந்த ரைலி அன்றே இறந்தார். இன்னும் 4 நாள் இருந்திருந்தால் அவருக்கு 52 வயது நிறைந்திருக்கும்.

ஐரோப்பாவின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்கள் இன்றும் அமெரிக்க வேரில்தான் நிற்கின்றன. அந்தப் பூச்சி மண்ணில் இன்னும் இருக்கிறது. அதை யாராலும் ஒழிக்க முடியவில்லை. ஆனால் கொடி சாகவில்லை!