சிரிக்க வைத்த நாகேஷ் அழவும் வைத்தார்

சென்னையில் ரெயில்வே குமாஸ்தாவாக வேலை பார்த்த ஒல்லியான இளைஞர் ஒருவர், பின்னாளில் தமிழ்நாட்டையே வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். சிரிக்க வந்தவர்களைச் சில படங்களில் அழவும் வைத்து அனுப்பினார். அவர்தான் நாகேஷ்.

நாகேஷ் 1933-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி தாராபுரத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது கோவை மாவட்டத்தில் இருந்தது. வீட்டில் பேசிய மொழி கன்னடம். தெருவில் பேசிய மொழி தமிழ். வீட்டு மொழி வேறாக இருந்தாலும், தமிழைப் பேசிச் சிரிக்க வைப்பதில் அவருக்கு ஈடு சொல்ல ஆள் இல்லை என்று பின்னர் பெயர் வாங்கினார்.

இளமையில் அவருக்குப் பெரியம்மை கண்டது. உயிர் தப்பியது. ஆனால், முகத்தில் தழும்புகள் தங்கிவிட்டன. சினிமாவுக்கு அழகான முகம்தான் வேண்டும் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. நாகேஷ் மனம் தளரவில்லை.

வயிற்றுவலி வேடம்

வேலை தேடிச் சென்னைக்கு வந்தவருக்கு ரெயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. தியாகராயநகரில் "கிளப் ஹவுஸ்" என்ற விடுதியில் தங்கினார். பின்னர் பெரும் கவிஞராகப் புகழ் பெற்ற வாலி, அப்போது வாய்ப்பு தேடி அலைந்து கொண்டு அதே விடுதியில் இருந்தார். இருவரும் இணைபிரியாத நண்பர்கள் ஆனார்கள்.

பகலில் ஆபீஸ் வேலை; மாலையில் நாடகம். ஒரு நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது, வயிற்றுவலிக்காரர் வேடம். சில நிமிடமே வந்து போகும் சின்ன வேடம். அதில் அவர் துடித்த துடிப்பைப் பார்த்துச் சபை சிரிப்பில் ஆழ்ந்தது. விழாவுக்குத் தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே அவரைப் பாராட்டினார்.

வலியால் துடிக்கிறவனைப் பார்த்துச் சபை ஏன் சிரித்தது? நாகேஷின் நடிப்பு முழுவதும் அந்த வேடத்திலேயே அடங்கி இருந்தது எனலாம். அவர் காட்டியது கஷ்டம். பார்த்தவர்களுக்கு வந்தது சிரிப்பு.

1958-ல் சினிமாவுக்கு வந்தார். டைரக்டர் ஸ்ரீதரின் "நெஞ்சில் ஓர் ஆலயம்" படம் 1962-ல் வெளிவந்தபோது மக்கள் அவரைக் கவனித்தார்கள். 1964-ல் "காதலிக்க நேரமில்லை" வந்தது. சினிமாப் படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷ் கதை சொல்ல, அவருக்குத் தந்தையாக நடித்த டி.எஸ்.பாலையா அதைக் கேட்டு நடுங்கும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. பாலையாவும் வில்லனாகத் தொடங்கி நகைச்சுவையில் கொடிகட்டிப் பறந்தவர்தான்.

சர்வர் சுந்தரம்

இந்தக் காலத்தில் நாகேசுக்குக் கிடைத்த நண்பர் கே.பாலசந்தர். அவரும் ஆபீஸ் ஊழியர். ஏ.ஜி. ஆபீசில் வேலை பார்த்துக் கொண்டே நாடகங்கள் எழுதி வந்தார். நாகேசின் சிரிப்புக்கு அடியில் வேறொன்று இருப்பதை அவர் கண்டுகொண்டார்.

பாலசந்தர் எழுதிய "சர்வர் சுந்தரம்" முதலில் நாடகமாக நடந்தது. 1964-ல் கிருஷ்ணன்-பஞ்சு டைரக்‌ஷனில் படமாயிற்று. ஓட்டலில் சாப்பாடு பரிமாறும் சுந்தரம், ஒரு பெண் காட்டிய அன்பைக் காதல் என்று எண்ணி ஏமாறுகிறான். சினிமா நடிகனாகிப் பணமும் புகழும் பெறுகிறான். ஆனால், ஆசைப்பட்டவள் கிடைக்கவில்லை. பெற்ற தாயையும் இழக்கிறான். கடைசியில் பழைய சர்வர் வேலைக்கே திரும்புகிறான்.

1965-ல் பாலசந்தர் முதன்முதலாக டைரக்ட் செய்த "நீர்க்குமிழி" படத்திலும் நாகேஷ்தான் கதாநாயகன். ஆஸ்பத்திரியில் மற்றவர்களைச் சிரிக்க வைக்கும் நோயாளி. அவனுக்கு வந்திருப்பதோ புற்றுநோய். 1968-ல் "எதிர்நீச்சல்" வந்தது. மாடிப்படிக்கு அடியில் குடியிருந்து, பல வீட்டாருக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் போடும் மிச்சத்தைச் சாப்பிட்டுப் படிக்கும் அனாதை மாது. அதே ஆண்டு "தில்லானா மோகனாம்பாள்" படத்தில், பிறர் குடியைக் கெடுக்க அஞ்சாத வைத்தி. மாதுவுக்காக இரங்கிய ஜனங்கள் வைத்தியைத் திட்டிக்கொண்டே சிரித்தார்கள்.

தருமி

நாகேஷ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1965-ல் வந்த "திருவிளையாடல்" தருமிதான். ஆயிரம் பொன் பரிசு என்று கேட்டதும் கோவிலில் தனியாக நின்று புலம்பும் ஏழைப் புலவர். சிவாஜி கணேசன் சிவபெருமானாக வந்து பாட்டு கொடுக்கிறார். அந்தப் பாட்டிலும் நக்கீரர் குற்றம் காண, பரிசு கைக்கு எட்டாமல் போகிறது. கொட்டகை முழுவதும் சிரித்தது. ஆனால், திரையில் நின்றவன் வறுமையில் வாடிய ஒருவன். கடன் பட்டவர்களுக்கும், மாதக் கடைசியை ஓட்டத் தெரியாமல் தவித்தவர்களுக்கும் அது நன்றாகவே புரிந்தது.

வாய்ப்பு குறைந்தது

1970-க்குப் பிறகு தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் போன்றவர்கள் முன்னுக்கு வந்தார்கள். நாகேசுக்கு வாய்ப்பு குறைந்தது. ஆனாலும், 1975-ல் வந்த "அபூர்வ ராகங்கள்" படத்தில் குடிகார டாக்டராக வந்து, சுவரில் விழுந்த தன் நிழலோடு மது அருந்தும் காட்சியில் தனிமையின் துயரத்தைக் காட்டினார்.

பின்னாளில் கமல்ஹாசன் அவரை விதவிதமான வேடங்களில் நடிக்க வைத்தார். 1989-ல் "அபூர்வ சகோதரர்கள்" படத்தில் ஈவு இரக்கம் இல்லாத வில்லன். 1994-ல் "மகளிர் மட்டும்" படத்தில் பிணம்! வசனம் கிடையாது, கண் இமைக்கவும் கூடாது. அப்படியும் சிரிக்க வைத்தார்.

அதே ஆண்டு வெளிவந்த "நம்மவர்" படத்தில் மகளைப் பறிகொடுத்த தந்தையாக நடித்தார். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது இந்த வேடத்துக்குத்தான் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டி விட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் சிரிக்க வைத்தவருக்கு, அழ வைத்த வேடத்துக்காக விருது! பத்ம விருது அவருக்குக் கிடைக்கவே இல்லை.

2008-ல் வந்த "தசாவதாரம்" வரை நடித்துக் கொண்டிருந்தார். 2009-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 75.

குமாஸ்தா உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த நாகேஷ், திரையில் சர்வராகவும், எடுபிடியாகவும், கஞ்சிக்கு வழியில்லாத புலவராகவும் வாழ்ந்து காட்டினார். அந்த ஆட்களைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால், அவர்களை ஒருபோதும் ஏளனமாக நினைக்க முடியாதபடி நாகேஷ் பார்த்துக்கொண்டார்.